இரண்டாம் மாடியில் கட்டிய துணி

மார்ச் 4

சின்னவளுக்கு அக்கா எழுதுவது.

அன்றைக்கு யார் யார் இருந்தார்கள் என்று முதலில் எழுதிவிடுகிறேன். பின்னால் எவரும் மாற்றிப் பேச முடியாது. கதவை உடைத்த முதல் மாடி ரொட்டிக்கடைக்காரர். உடைக்காதே, சாவி இருக்கிறது என்று கத்திக்கொண்டு வேறு கட்டடத்துச் சாவிக்கொத்தோடு ஓடிவந்த சாவிக்காரர், அதாவது கட்டட முதலாளியின் ஆள். நாலாம் மாடி நெட்டை நர்ஸ். இரண்டாம் மாடியில் குடியிருக்கும் உன் கொழுந்தன். அதே மாடியில் புதிதாக வந்திருக்கும் வெல்டரின் பெண்டாட்டி, இடுப்பில் கைக்குழந்தையோடு. பிறகு நான். உள்ளே, அடுப்பங்கரைத் தரையில், அந்த இரண்டாம் மாடி வீட்டுத் தையல்காரி.

உயிர் இருக்கிறது. பயப்படாதே. வாய் ஒரு பக்கம் இழுத்துக்கொண்டது, வலது கை விழுந்துவிட்டது. பக்கவாதம். காலையிலேயே கொண்டுவந்திருந்தால் கை பிழைத்திருக்கும் என்று டாக்டர் சொன்னாராம். காலையில் ஏன் கொண்டுபோகவில்லை என்பதுதான் விஷயம்.

எங்கள் கட்டடத்துத் துணிப் பழக்கத்தை உனக்கு எழுதியதில்லை. எதை எழுதினேன், எதை எழுதவில்லை என்று எனக்கு நினைவிருக்கும், உனக்குத் தெரியும். இங்கே வீட்டுக்கு ஒரு மொழி, வீட்டுக்கு ஒரு சாமி. எல்லோருக்கும் பொதுவாக இந்த ஊர் மொழி இருக்கிறது, அதில் ஆளுக்குக் கொஞ்சம் தெரியும், எனக்கு அதிலும் கொஞ்சம். முன்பு தரைத்தளத்தில் கடிகாரம் ரிப்பேர் செய்யும் ஒருவர் தனியாக இருந்தார். அவர் செத்துப்போனது நாற்றம் வந்த பிறகுதான் தெரிந்தது. அன்று படிக்கட்டில் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்க முடியவில்லை. மறுநாள் தையல்காரி, தனியாக இருக்கும் எங்கள் எல்லோருக்கும் ஆளுக்கொரு நிறத்தில் துண்டுத் துணி வெட்டிக் கொடுத்தாள். காலையில் எழுந்ததும் வெளிக் கைப்பிடியில் கட்ட வேண்டும். ராத்திரி அவிழ்த்து, வெளியிலேயே கதவோரத்து ஆணியில் மாட்ட வேண்டும். கட்டியிருந்தால் ஆள் எழுந்தாயிற்று. கட்டாவிட்டால் தட்டு. திறக்காவிட்டால் உடை. ஒரு வார்த்தை பேச வேண்டியதில்லை. காது செத்துப்போன எனக்கு இதைவிட வசதி வேறென்ன?

அன்று தையல்காரி கதவில் துணி கட்டியிருந்தது. நானே பார்த்துக்கொண்டு கீழே இறங்கிப் போனேன். நர்ஸும் பார்த்தாள். மத்தியானம் ரொட்டிக்கடைக்காரர் வீட்டுக் கூரையில் தண்ணீர் சொட்டியதால்தான் மேலே வந்து தட்டினார். குழாயைத் திறந்தவள் திறந்தபடி விழுந்திருக்கிறாள்.

அப்படியானால் துணியை யார் கட்டியது என்று நாங்கள் விழித்தபோது, வெல்டரின் பெண்டாட்டி துணியைக் காட்டினாள், தன் நெஞ்சைத் தொட்டாள். யாரும் கேட்கவில்லை, தானாகவே சொன்னாள். ஆணியிலிருந்து எடுத்துக் கைப்பிடியில் கட்டிவிட்டிருக்கிறாள். அலங்காரம் என்று நினைத்தாளோ என்னவோ.

எனக்குச் சோறு இறங்குகிறது, தூக்கம்தான் வரமாட்டேன் என்கிறது. உன் முழங்கால் வீக்கம் வற்றியதா?

உன் அக்கா

மார்ச் 19

அக்காவுக்குத் தங்கையின் வணக்கம்.

கடிதம் வந்தது. படித்ததிலிருந்து மனசு சரியில்லை. தையல்காரியை நான் பார்த்ததில்லை என்றாலும் நீ திட்டித் திட்டி எழுதியதில் எனக்கு நன்றாகப் பழக்கமானவள். உன் ரவிக்கையில் கை நீளத்தைக் குறைத்துத் தைத்தவள்தானே. அவள் சீக்கிரம் எழுந்து உட்கார வேண்டும்.

கொழுந்தன் அன்று சாயங்காலமே எனக்குப் போன் செய்தார். மிகவும் ஆடிப்போயிருந்தார். மனைவி போன பிறகு அவருக்கு மனசு இளகிவிட்டது அக்கா. அவரிடம் அதிகம் கேள்வி கேட்காதே. நீ கேட்டால் போலீஸ் கேட்பது போல இருக்கும், கோபித்துக்கொள்ளாதே.

பேத்திக்கு ஒரு இடம் அமையும் போலிருக்கிறது. பையன் உங்கள் ஊரில்தான் வேலை பார்க்கிறான். கொழுந்தனுக்குத் தெரிந்த குடும்பம். அவர்தான் முன்னால் நின்று பேசுகிறார். பிள்ளை வீட்டார் அவர் வார்த்தையைத்தான் நம்பி வருகிறார்கள். நல்லபடியாக முடிய வேண்டும் என்று வேண்டிக்கொள்.

முழங்கால் அப்படியேதான். படி ஏறும்போது உன்னை நினைத்துக்கொள்கிறேன், நீ தினம் மூன்று மாடி ஏறுகிறாயே என்று. உன் மகன் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு ஞாயிற்றுக்கிழமை வருகிறானா?

அன்புத் தங்கை

மார்ச் 30

சின்னவளுக்கு அக்கா.

மகன் வருகிறான். பிள்ளைகள் வந்ததும் போனைத்தான் பார்க்கிறார்கள், நான் அவர்களைப் பார்க்கிறேன். எல்லோரும் சௌக்கியம்.

ஆஸ்பத்திரிக்கு நர்ஸோடு போய்த் தையல்காரியைப் பார்த்தேன். என்னைப் பார்த்ததும் கோணல் வாயால் என்னவோ சொன்னாள். நர்ஸ் காதில் வாங்கிச் சிரித்துவிட்டு, கையால் அளந்து காட்டினாள். "இனிமே கை நீளம் குறைஞ்சா என்னைத் திட்ட முடியாது, பாதிக் கைதான் இருக்கு" என்றாளாம். நான் சிரிக்கவில்லை. எனக்குச் சிரிப்பு வரவில்லை.

இங்கே பெரிய பிரச்சினை கிளம்பியிருக்கிறது. எங்களுக்கு ஒரு ஒழுங்கு உண்டு. கடைசியாகக் குடிவந்தவர்தான் அடுத்து வருகிறவருக்குத் துணி விஷயத்தைச் சொல்லித்தர வேண்டும். தெரியாமல் நிற்பது எப்படி இருக்கும் என்று அவருக்குத்தானே பசுமையாக நினைவிருக்கும். உன் கொழுந்தனுக்கு நெட்டை நர்ஸ் சொன்னாள். வெல்டர் குடும்பத்துக்கு உன் கொழுந்தன் சொல்லியிருக்க வேண்டும்.

படிக்கட்டுக்குக் கீழே எல்லோரும் கூடினோம். உன் கொழுந்தன் சொன்னதை எனக்காகத் தமிழில் உரக்கவும் சொன்னார். "சொன்னேங்க்கா. வந்த ரெண்டாம் நாளே போய்ச் சொன்னேன். கைப்பிடியத் தொட்டுக் காட்டி, தூங்கற மாதிரி காட்டி, எல்லாம் காட்டினேன். அந்தப் பொண்ணு தலைய ஆட்டுச்சு." அந்தப் பெண்ணிடம் நர்ஸ் சைகையும் ஊர் மொழியில் ஒன்றிரண்டு வார்த்தையுமாகக் கேட்டாள். அவள் இல்லை என்கிறாள். யாரும் வரவில்லை, யாரும் சொல்லவில்லை என்கிறாள். அவள் புருஷன் வெல்டர், நல்ல உடம்புக்காரன், அவளுக்கு முன்னால் வந்து நின்றுகொண்டான். கறுப்புக் கண்ணாடி போட்டே பழகிய கண், வெளிச்சத்தில் சுருங்கிப்போகிறது. அவன் மொழி இங்கே ஒருத்தருக்கும் தெரியாது.

ரொட்டிக்கடைக்காரருக்குக் கோபம் தலைக்கு ஏறிவிட்டது. தெரிந்தே விளையாடினாள் என்கிறார். சாவிக்காரர் ஒரு மனு எழுதிக்கொண்டு வந்துவிட்டார். கட்டடத்தில் எல்லோரும் கையெழுத்துப் போட்டால் முதலாளி அவர்களைக் காலி செய்யச் சொல்லிவிடுவார். நான் போடாவிட்டால் நிற்காது, ஏனென்றால் இருப்பவர்களில் நான்தான் பழைய குடி.

எனக்கு அவள்மேல் ஆத்திரமாகத்தான் இருக்கிறது. ஆனால் கைக்குழந்தை. அதுவும் இந்த ஊரில் அவர்கள் நிறத்துக்கும் மொழிக்கும் அறை கிடைப்பது லேசில்லை. நானும் பட்டதுதானே. ஆகையால் உன்னை ஒரே ஒரு கேள்வி கேட்கிறேன். நீ அந்த வீட்டில் வாழ்க்கைப்பட்டு அவரை அரைக்கால் சட்டையிலிருந்து பார்த்தவள். உன் கொழுந்தன் பொய் சொல்கிறவரா, இல்லையா? நீ எழுதுவதை வைத்துத்தான் கையெழுத்துப் போடுவேன், அல்லது போடமாட்டேன்.

சீக்கிரம் எழுது. முழங்காலுக்கு வெந்நீர் ஒத்தடம் கொடு, சும்மா தடவிக்கொண்டிருக்காதே.

உன் அக்கா

ஏப்ரல் 20

அக்காவுக்கு வணக்கம்.

பதில் தாமதமாகிவிட்டது. தப்பாக நினைக்காதே. பேத்திக்குக் காய்ச்சல் வந்து, அது எனக்கும் தொற்றி, பிறகு மருமகளும் படுத்துவிட்டாள். இப்போது எல்லோரும் தேறிவிட்டோம். இங்கே வெயில் ஆரம்பித்துவிட்டது. உனக்கு அங்கே ஜன்னல் திறந்தால் காற்று வருமா? போன வருஷம் பக்கத்துக் கட்டடம் உயர்ந்து மறைக்கிறது என்று எழுதியிருந்தாய்.

பிள்ளை வீட்டார் ஜாதகமெல்லாம் கேட்கவில்லை, நல்ல மாதிரி. பெண்ணைப் பார்க்க அடுத்த மாதம் வருகிறார்கள். கொழுந்தனும் கூட வருவார்.

நீ கேட்டிருந்தாய். நான் என்ன சொல்வது அக்கா? அவர் எங்கள் வீட்டில் அதிர்ந்து பேசியவர் இல்லை. ஆபீஸில் கெட்ட பெயர் எடுத்தவர் இல்லை. அவர் பொய் சொல்லி நான் கேட்டதில்லை. அங்கே இருந்து பார்ப்பவள் நீ. உனக்கு எது நியாயமாகப் படுகிறதோ அதைச் செய். நான் இவ்வளவு தூரத்தில் இருந்துகொண்டு என்ன சொல்ல முடியும்?

தையல்காரி வீட்டுக்கு வந்துவிட்டாளா? அவளுக்கு யார் சமைத்துக் கொடுக்கிறார்கள்?

அன்புத் தங்கை

ஏப்ரல் 29

சின்னவளுக்கு அக்கா.

ஒரு கேள்விக்கு இத்தனை சுற்றா? கடைசியில் ஒரு வரி எழுதினாய், அது போதும். அவர் பொய் சொல்லி நீ கேட்டதில்லை. கையெழுத்துப் போட்டுவிட்டேன். என் கையெழுத்து கோழி கிளறிய மாதிரி இருக்கும், சாவிக்காரர் அதைப் பார்த்துத் தலையைச் சாய்த்து, நிமிர்த்தி, மறுபடி சாய்த்தார். "இதுதான் என் பேரு, தலைகீழாப் பாத்தாலும் இதுதான்" என்றேன்.

ஜூன் மாதத்துக்குள் அவர்கள் காலி செய்ய வேண்டும். செய்தியைச் சொன்ன அன்று வெல்டர் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டான். மறுநாள் அவள் படிக்கட்டில் எனக்கு எதிரே வந்தாள். முன்பெல்லாம் குழந்தையின் கையைப் பிடித்து எனக்கு ஆட்டிக்காட்டுவாள். இப்போது சுவரோரம் ஒட்டி நின்று வழிவிட்டாள். நானும் இறங்கிப் போய்விட்டேன்.

தையல்காரி வந்துவிட்டாள். நாங்கள் முறை வைத்துச் சமைக்கிறோம். ரொட்டிக்கடைக்காரர் காலையில், நான் மத்தியானம், நர்ஸ் தன் ஷிப்ட் இல்லாத நாளில். என் முறை வந்தால் உப்பு இல்லை என்கிறாள், நர்ஸ் முறை வந்தால் உப்பு அதிகம் என்கிறாள், ரொட்டிக்காரரை மட்டும் ஒன்றும் சொல்வதில்லை. மீசை இருந்தால் மரியாதை. இடது கையால் கத்தரிக்கோல் பிடித்துப் பார்க்கிறாள். பேப்பரை வெட்டுகிறாள், கோணிக்கொண்டு போகிறது, சுருட்டி எறிகிறாள், மறுபடி எடுக்கிறாள். பார்க்க முடியாமல் நான் பாத்திரம் கழுவப் போய்விடுவேன். அவள் பிழைப்பே அந்தக் கைதானே.

மனுவைப் பற்றி அவளிடம் சொன்னோம். "அந்தப் பொண்ணு வேணும்னு செய்யலியே" என்று சைகை காட்டினாள். உனக்கு ஒன்றும் தெரியாது, சும்மா இரு என்று சொல்லிவிட்டேன்.

ஜன்னலில் காற்று வராது. பக்கத்துக் கட்டடத்துக்காரன் சமையல் வாசம்தான் வரும். காய்ச்சலுக்குப் பிறகு வாய் கசந்தால் புளிப்பாக ஏதாவது சாப்பிடு.

உன் அக்கா

மே 22

அக்காவுக்கு வணக்கம். எல்லோரும் நலம். உன் உடம்பையும் பார்த்துக்கொள்.

பெண் பார்த்துவிட்டுப் போனார்கள். பிடித்துவிட்டது. நிச்சயதார்த்தம் ஜூன் கடைசியில். வீட்டில் ஒரே அமளி. அதனால்தான் உடனே எழுத முடியவில்லை.

கையெழுத்துப் போட்டுவிட்டேன் என்று நீ எழுதியதைப் படித்து எனக்கு என்னவோ போல ஆகிவிட்டது. அவ்வளவு தூரம் போக வேண்டுமா அக்கா? திட்டி விட்டுவிட்டிருக்கலாமே. படியில் விழுந்து கிடந்த துணியை எடுத்துத் தட்டிக் கட்டிவிட்டாள், சின்னப் பெண்தானே. யாருடைய பொருளோ மிதிபடுகிறதே என்று நல்ல மனசோடுதான் செய்திருப்பாள். அந்தக் குழந்தையோடு எங்கே போவார்கள்? நீ பழைய குடி, உன் பேச்சுக்கு மதிப்பு இருக்கிறது. சாவிக்காரரிடம் சொல்லி மனுவைத் திரும்ப வாங்க முடியாதா? கொழுந்தன் பெயரை இழுக்காமல், குழந்தைக்காக என்று சொல்லி வாங்கலாமே.

நிச்சயதார்த்தத்துக்கு உன்னால் பயணம் செய்ய முடியுமா? உனக்கென்று கட்டிலைக் கீழே போட்டு வைக்கிறேன்.

அன்புத் தங்கை

மே 30

சின்னவளுக்கு.

நான் நன்றாக இருக்கிறேன்.

ஆணியிலிருந்து எடுத்துக் கட்டினாள் என்றுதான் உனக்கு எழுதினேன். மார்ச் நாலாம் தேதிக் கடிதம், இரண்டாம் பக்கம், மேலே. துணி படியில் விழுந்து கிடந்தது என்று நான் எழுதவில்லை. எழுதியிருக்க முடியாது, எனக்கே தெரியாது. இங்கே யாருக்கும் தெரியாது. ஆணியில் மாட்டியிருந்ததை இழுத்தாள் என்றுதான் எல்லோரும் அவள்மேல் பாய்ந்தோம்.

உன் கடிதத்தைப் படித்துவிட்டு நெட்டை நர்ஸைக் கூட்டிக்கொண்டு அவள் கதவைத் தட்டினேன். துணி எங்கே இருந்தது என்று கேட்கச் சொன்னேன். அவள் குழந்தையை நர்ஸ் கையில் கொடுத்துவிட்டு வெளியே வந்து, இரண்டாவது படியில் குனிந்து, இல்லாத துணியை எடுத்து, உதறி, கட்டிக் காட்டினாள். அன்றைக்கும் இப்படித்தான் குனிந்து காட்டினாளாம். நாங்கள் அழுகிறாள் என்று நினைத்திருக்கிறோம்.

தட்டிக் கட்டினாள் என்று எழுதியிருக்கிறாய். உதறியது வரைக்கும் உனக்குத் தெரிந்திருக்கிறது. பார்த்தவர் சொல்லாமல் உனக்குத் தெரியாது. யார் பார்த்தது?

பெயரை நீ எழுது. நான் எழுதமாட்டேன். ஜூன் பாதிக்குள் பதில் வந்தால் சாவிக்காரரிடமும் முதலாளியிடமும் போய் நிற்க எனக்கு நேரம் இருக்கும். ஒரு ஊகத்தை வைத்துக்கொண்டு ரொட்டிக்கடைக்காரர் முன்னால் நான் போய் நிற்க முடியாது. உன் கொழுந்தனைக் கேட்டேன். "அண்ணி ஏதோ கற்பனையா எழுதியிருப்பாங்க" என்கிறார்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

அக்கா

ஜூன் 18

சின்னவளுக்கு.

பதில் இல்லை. தபால் தொலைந்தது என்று சொல்லாதே. உன் தெருத் தபால்காரர் மழையில்கூட வருகிறவர் என்று நீதான் எழுதினாய். உடம்பு சரியில்லையோ என்று என் மகனை விட்டுப் போன் செய்யச் சொன்னேன். நீ நன்றாகப் பேசினாயாம். நிச்சயதார்த்தப் புடவையைப் பற்றிப் பேசினாயாம்.

அவர்கள் ஞாயிற்றுக்கிழமை போய்விட்டார்கள். வெல்டர் தன் கூட வேலை செய்கிற ஒருவனின் வண்டியைக் கொண்டுவந்திருந்தான். ஒரு மெத்தை, இரண்டு பெட்டி, குழந்தை குளிக்கும் பிளாஸ்டிக் தொட்டி, அந்தத் தொட்டிக்குள் பாத்திரங்கள். யாரும் உதவிக்கு இறங்கவில்லை. ரொட்டிக்கடைக்காரர் கதவைத் திறந்து பார்த்துவிட்டு மூடிக்கொண்டார். தையல்காரி மட்டும் சுவரைப் பிடித்துக்கொண்டு வாசலுக்கு வந்தாள். இடது கையால் குழந்தையின் தலையைத் தொட்டாள். அந்தப் பெண் அவளுடைய விழுந்த கையை எடுத்துக் கொஞ்ச நேரம் வைத்துக்கொண்டாள். பிறகு போய்விட்டாள்.

நான் மூன்றாம் மாடிப் படியில் நின்றிருந்தேன். இறங்க வேண்டும் என்று நினைத்தேன். என்ன சொல்லி இறங்குவது? உன் பதில் என் கையில் இல்லை.

எனக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை.

அக்கா

ஜூன் 24

அக்கா,

நீ நலமாக இருக்க வேண்டும். என்னைத் திட்டவாவது நீ நலமாக இருக்க வேண்டும்.

நிச்சயதார்த்தம் நேற்று முடிந்தது. அதனால் இன்றைக்கு எழுதுகிறேன். இதை எழுத எனக்கே வெட்கமாக இருக்கிறது, ஆனால் அதுதான் உண்மை.

அன்று சாயங்காலம் கொழுந்தன் போனில் அழுதார். "அண்ணி, நான் குப்பைக்கூடைய வெளிய வைக்கக் கதவத் தொறந்தேன். அந்தப் பொண்ணு படியிலேருந்து துணிய எடுத்து, உதறி, தையல்காரம்மா கதவுல கட்டிட்டுப் போச்சு. நான் பாத்துட்டுக் கதவ மூடிட்டேன்" என்றார். ஏன் ஒன்றும் சொல்லவில்லை என்று கேட்டேன். "அவங்க கிட்டப் பேச ஆரம்பிச்சா அப்புறம் தினம் வந்து நிப்பாங்க அண்ணி. உப்பு குடு, சர்க்கரை குடு, புள்ளையப் பாத்துக்கோம்பாங்க. அதனாலதான் குடிவந்தப்பவும் போகல. நர்ஸம்மா சொல்லியிருக்கும்னு நெனச்சேன்" என்றார். அந்த அம்மாள் உள்ளே விழுந்து கிடப்பாள் என்று அவருக்குத் தோன்றவில்லையாம். தோன்றியதா இல்லையா என்று அவருக்கே இப்போது தெரியவில்லையாம்.

யாரிடமும் சொல்லமாட்டேன் என்று வார்த்தை கொடுத்துவிட்டேன். பிறகுதான் நீ அந்தக் கேள்வியைக் கேட்டாய். அவர் பெயர் கெட்டால் பிள்ளை வீட்டார் பின்வாங்கிவிடுவார்கள் என்று பயந்தேன். ஏற்கெனவே ஒரு இடம் தட்டிப்போய்ப் பேத்தி மூன்று மாதம் சாப்பிடாமல் கிடந்ததை நான் உனக்குச் சொல்லவில்லை. இன்னொரு தடவை அதைப் பார்க்க என்னால் முடியாது. ஜூன் கழிந்துவிட்டால் சொல்லிவிடலாம், அதற்குள் நீ மனுவைத் திரும்ப வாங்கிவிடுவாய் என்று என்னை நானே சமாதானப்படுத்திக்கொண்டேன்.

மன்னித்துவிடு அக்கா.

தங்கை

ஜூலை 12

சின்னவளுக்கு அக்கா எழுதுவது.

முழங்காலைப் பார்த்துக்கொள். பேத்திக்கு என் ஆசி. அவள்மேல் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை, கல்யாணத்துக்கு வருவேன், அவளுக்குச் செய்ய வேண்டியதைச் செய்வேன்.

உன் கடிதம் வந்த அன்றே உன் கொழுந்தன் கதவைத் தட்டினேன். முகத்தைப் பார்த்ததும் தெரிந்துகொண்டார். "கீழ வாங்க தம்பி, எல்லாரும் வரட்டும்" என்றேன். "அக்கா, நாம நாமளாப் பேசிக்கலாமே, நம்ம ஆளுங்க விஷயத்த இவங்க முன்னாடி எதுக்கு" என்றார். "நம்ம ஆளுங்க யாரு, எங்க இருக்காங்க? இருந்தாக் கூட்டிட்டு வாங்க, அவங்க முன்னாடியும் சொல்லலாம்" என்றேன்.

சொன்னார். ஊர் மொழியில் ஒரு தடவை, எனக்காகத் தமிழில் ஒரு தடவை. முதல் தடவை சொல்லும்போது தரையைப் பார்த்தார், இரண்டாம் தடவை சொல்லும்போது உட்கார்ந்துவிட்டார். ரொட்டிக்கடைக்காரர் அடித்துவிடுவார் என்று நினைத்தேன். அவர் தன் தலையில் கையை வைத்துக்கொண்டு முதல் படியில் உட்கார்ந்தார். கதவைத் திறந்து பார்த்துவிட்டு மூடியவர்தானே அவரும். நர்ஸ் மட்டும் கேட்டாள், எனக்கு உதட்டசைவிலேயே புரிந்தது. "குட்மார்னிங்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தாக்கூட அந்தப் பொண்ணு நின்னிருக்குமே."

தையல்காரி அவரை மன்னித்துவிட்டாள். அவள் கை, அவள் இஷ்டம். எனக்கு உன் கொழுந்தனைப் பிடிக்காது, இனிமேலும் பிடிக்காது. ஆனால் பயந்தாங்கொள்ளியைப் போய் என்ன செய்வது? அவர் கதவில் துணி இல்லையென்றால் நானே தட்டுவேன். திட்டிக்கொண்டே தட்டுவேன், ஆனால் தட்டுவேன்.

சாவிக்காரரிடம் போனேன். அந்த வீட்டுக்கு வேறு ஆள் முன்பணம் கட்டிவிட்டார்களாம். முதலாளியிடம் போனேன், அவர் என்னை உட்காரச் சொன்னார், குடிக்கத் தண்ணீர் கொடுத்தார், அதே பதிலைச் சொன்னார்.

வெல்டரின் பட்டறையில் விசாரித்து விலாசம் வாங்கினோம். நானும் நர்ஸும் பஸ் மாறி மாறிப் போனோம். நகரத்தின் அந்தக் கோடி. கிடங்குகளுக்கு நடுவே ஒரு சந்து, தகரக் கதவு. குழந்தைக்கு மூச்சுத் திணறல், நர்ஸுக்குக் காதில் கேட்டது, எனக்குக் குழந்தையின் விலா ஏறி இறங்குவது தெரிந்தது. பக்கத்தில் பெயிண்ட் அடிக்கிறார்கள், அந்தப் புகை. அவள் கதவைத் திறந்து எங்கள் இரண்டு பேரையும் பார்த்தாள். நர்ஸ் ஊர் மொழியில் மெதுவாக, சைகையோடு எல்லாவற்றையும் சொன்னாள். யார் பார்த்தது, யார் சொல்லவில்லை, யார் கையெழுத்துப் போட்டது. நான் என் நெஞ்சைத் தொட்டுக் காட்டினேன். அவள் கேட்டுக்கொண்டே நின்றாள். நர்ஸ் குழந்தைக்கு எந்த ஆஸ்பத்திரி, எந்த டாக்டர் என்று சொன்னதை மட்டும் திருப்பிச் சொல்லி மனப்பாடம் செய்துகொண்டாள். பிறகு கதவைச் சாத்தினாள். அறையவில்லை, மெதுவாகத்தான் சாத்தினாள். உள்ளே தாழ்ப்பாள் விழுந்ததில் தகரம் அதிர்ந்தது என் கையில் தெரிந்தது.

நியாயம்தான். நானும் சாத்தியிருப்பேன். நான் சாத்தினால் ஆயுசுக்கும் திறக்கமாட்டேன், அது உனக்குத் தெரியும். வரும் வழியில் நர்ஸ் என் கையைப் பிடித்துக்கொண்டு வந்தாள். அந்தப் பெண் என்னை மன்னிக்க வேண்டும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. அவள் கணக்கில் நான் இருக்கிறேன், இருந்துவிட்டுப் போகிறேன்.

என் கணக்குக்கு வருகிறேன். ரொட்டிக்கடைக்காரர் கோபத்தில் செய்தார், விட்டுவிட்டேன். சாவிக்காரர் முதலாளிக்காகச் செய்தார், அவர் பிழைப்பு அது. உன் கொழுந்தன் கதவை மூடினார், எல்லோர் முன்னாலும் சொல்லிவிட்டார். நான் கையெழுத்துப் போட்டேன், அதைச் சுமந்துகொண்டு படி ஏறுகிறேன். இவர்கள் யாரையும் நம்பி நான் கையெழுத்துப் போடவில்லை. போடட்டுமா வேண்டாமா என்று ஒரே ஒருத்தியைத்தான் கேட்டேன். தெரியாது என்று எழுதியிருந்தால்கூடப் போட்டிருக்கமாட்டேன். உனக்கு இனியும் எழுதுவேன், முழங்காலைக் கேட்பேன், வந்தால் உன் வீட்டுக் கட்டிலில்தான் படுப்பேன். ஆனால் மன்னிக்கமாட்டேன், சின்னவளே, உன்னை.